ஹீலோவைக் கடல் ஏன் திரும்பத் திரும்பத் தாக்குகிறது?

ஹவாயின் பெரிய தீவில், கிழக்குக் கரையில் இருக்கிறது ஹீலோ. மக்கள்தொகை ஐம்பதாயிரத்தைக்கூடத் தொடாத ஊர். வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னையில் பெய்வதைப்போல இரண்டு மடங்கு. வடகிழக்கிலிருந்து வருடம் முழுக்க வீசும் ஈரக்காற்று, ஊருக்குப் பின்னால் நிற்கும் மௌனா கியா, மௌனா லோவா என்ற இரண்டு எரிமலைகளின் சரிவில் ஏறிக் குளிர்ந்து கொட்டிவிடுகிறது. இரண்டுமே 4,000 மீட்டரைத் தாண்டியவை.

மௌனா லோவா அவ்வப்போது தீக்குழம்பையும் அனுப்பும். 1881-ல் அது ஊரின் விளிம்புவரை வந்தது. 1984-ல் சில கிலோமீட்டர் தள்ளியே நின்றுவிட்டது. 1935 டிசம்பரில் குழம்பு ஹீலோ பக்கம் திரும்பியபோது, அமெரிக்க ராணுவ விமானங்கள் அதன்மேல் குண்டு போட்டன. சில நாட்களில் ஓட்டம் நின்றது. குண்டால்தான் நின்றது என்றார், யோசனை சொன்ன எரிமலை ஆய்வாளர் தாமஸ் ஜாகர். தானாகவே நின்றிருக்கும் என்பதுதான் பின்னால் வந்த புவியியலாளர்கள் பலரின் கருத்து. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

ஆனால் இந்த ஊரில் அதிக உயிர்களை எடுத்தது கடல். 1946-ல் 96 பேர், 1960-ல் 61 பேர். ஒரே விரிகுடா, பதினான்கே வருட இடைவெளி.

இதில் தற்செயல் குறைவு. பசிபிக்கைச் சுற்றி அலாஸ்கா, கம்சாட்கா, ஜப்பான், சிலி என்று எங்கே கடற்தரை குலுங்கினாலும் அலை நடுவில் இருக்கும் ஹவாய்க்கு வந்து சேரும். எப்போது வரும் என்று கணக்குப் போடுவதும் சுலபம். கடலின் ஆழத்தை மீட்டரில் எடுத்து 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால், சுனாமி நொடிக்கு எத்தனை மீட்டர் போகும் என்று தெரிந்துவிடும். 4,000 மீட்டர் ஆழத்தில் சுமார் 200; அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். அதே அலை 10 மீட்டர் ஆழத்துக்கு வந்தால் மணிக்கு 36 கிலோமீட்டர்தான். முன்பகுதி தயங்க, பின்பகுதி விரட்டிக்கொண்டு வர, அலையின் நீளம் சுருங்கி உயரம் ஏறுகிறது. நடுக்கடலில் கப்பல்காரருக்குத் தெரியாமல் போன அலை, கரையில் வீட்டைப் பெயர்ப்பது இப்படித்தான்.

ஹீலோ விரிகுடாவின் அமைப்பு இதை இன்னும் மோசமாக்குகிறது. வாய் அகன்று உள்ளே போகப் போகக் குறுகுவதால், வந்த தண்ணீர் ஒரே இடத்தில் நெருக்கியடித்து உயர்கிறது. போதாக்குறைக்கு, தூக்கிக்கொண்டு நடக்கும் வாளியில் தண்ணீர் தளும்புவதுபோல ஒவ்வொரு விரிகுடாவுக்கும் தனக்கென ஒரு தளும்பு நேரம் உண்டு. சுனாமி அலைகளும் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பல நிமிட இடைவெளி விட்டுத்தான் வரும். ஹீலோவின் தளும்பு நேரமும் பல நிமிடக் கணக்கில் இருப்பதால் இரண்டும் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். ஒத்துப்போனால் ஒவ்வோர் அலையும் முந்தைய தளும்பலுக்குப் பலம் சேர்க்கும். அதனால்தான் முதல் அலை பெரியதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்த விஷயம் தெரியாததுதான்.

1946 ஏப்ரல் 1. அலூஷியன் தீவுகளை ஒட்டிய கடலடியில் ஹவாய் நேரப்படி அதிகாலை 2 மணியளவில் நிலநடுக்கம். காலை 7 மணிக்கு ஹீலோவில் அலை. இடையில் இருந்த ஐந்து மணி நேரமும் வீணாயிற்று. எச்சரிக்க அமைப்பே இல்லை. ஏப்ரல் முட்டாள்கள் தினம் என்பதால், ஓடச் சொன்னவர்களைப் பலர் நம்பவும் இல்லை. இத்தனைக்கும் 1923-லேயே ஜாகர் நிலநடுக்கப் பதிவைப் பார்த்து, அலை வரும் என்று ஹீலோ துறைமுகத்துக்குச் சொல்லியிருக்கிறார். பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை, அலை வந்தது. 1946-க்குப் பிறகே புத்தி வந்தது. 1949-ல் ஹவாயில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது.

அப்படியானால் 1960-ல் 61 பேர் எப்படிச் செத்தார்கள்? மே 22 அன்று சிலியில் 9.5 அளவில் நிலநடுக்கம். கருவிகள் பதிவுசெய்தவற்றில் இதைவிடப் பெரியது இன்றுவரை இல்லை. அலை வந்துசேரப் பதினைந்து மணி நேரம் இருந்தது. எச்சரிக்கை போயிற்று, இரவு எட்டரை மணிக்குச் சங்கும் ஊதியது. பிறகு விசாரித்ததில், சங்கொலி ஏறக்குறைய எல்லோர் காதிலும் விழுந்திருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் பாதிக்கும் குறைவு. நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்களில் வந்த முதல் அலை சாதுவாக இருந்தது. வேடிக்கை பார்க்க விரிகுடாவுக்குப் போனவர்களும் உண்டு. இரண்டாவது கொஞ்சம் பெரியது. பிறகு தண்ணீர் வெகுவாக உள்வாங்கியது. 1.05 மணியளவில் மூன்றாவது அலை செங்குத்துச் சுவராக வந்து இறங்கியது.

கடற்கரைத் தடுப்புச் சுவரின் 20 டன் கற்கள் பெயர்ந்து ஊருக்குள் உருண்டன. தெருவோரம் வாகனக் கட்டணம் போடும் இரும்புக் கம்பங்கள் வரிசையாக ஒரே திசையில் தரையோடு படிந்து கிடந்தன. அந்தப் புகைப்படம் இன்றும் புகழ்பெற்றது. கம்பம் சாய்ந்த திசையே தண்ணீர் எப்படி ஓடியது என்று ஆய்வாளர்களுக்குச் சொல்லும். வையாகேயா பகுதியின் கடிகாரம் 1.04-ல் நின்றது. ஜப்பானியக் குடியேறிகள் வாழ்ந்த ஷின்மாச்சி 1946-ல் அழிந்து, மறுபடி கட்டப்பட்டு, 1960-ல் மறுபடி அழிந்தது.

நம்மூர் வாசகருக்கு இது புதிதல்ல. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் நிலம் குலுங்கி நாகப்பட்டினத்துக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஹவாய் மையம் கால் மணி நேரத்திலேயே நிலநடுக்கத்தைக் கண்டுகொண்டு அறிக்கை விட்டது. ஆனால் அளவை முதலில் 8.0 என்று குறைத்துத்தான் மதிப்பிட்டது. இந்தியப் பெருங்கடலில் செய்தியைக் கரைவரை கொண்டுபோக அமைப்பும் கிடையாது. ஹைதராபாத்தில் நம் மையம் தொடங்கியது 2007-ல்.

1960-க்குப் பிறகு ஹீலோ ஒரு வேலையைச் சரியாகச் செய்தது. ஷின்மாச்சியை மூன்றாம் முறை கட்டவில்லை. கரையோரத்தைப் பூங்காவாகவும் திறந்தவெளியாகவும் விட்டுவிட்டு, அரசு அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் மண் கொட்டி மேடாக்கிய நிலத்தை ஒதுக்கியது. வாகனம் நிறுத்தவும் பந்து விளையாடவும் உள்ள இடத்தில் தண்ணீர் வந்தால் போகட்டும் என்ற கணக்கு. சுவர் எழுப்புவதைவிட இது மலிவு என்பதோடு, சுவர்களுக்கு 1946-லும் 1960-லும் என்ன ஆயிற்று என்பதும் ஊருக்குத் தெரியும்.

2010 பிப்ரவரியில் சிலி மறுபடி குலுங்கியது, இம்முறை 8.8. விடியற்காலையில் சங்கு ஊதி, கரையோரம் காலியானது. முற்பகலில் வந்த அலை ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். 9.5-க்கும் 8.8-க்கும் எண்ணில் 0.7 வித்தியாசம், வெளிப்படும் ஆற்றலில் பத்து மடங்குக்கு மேல். விரிகுடா அன்றும் தன் பழக்கப்படி உள்வாங்குவதும் ஏறுவதுமாகத் தளும்பிக்கொண்டிருந்ததால், முதல் அலை சின்னது என்று பார்த்த உடனே யாரையும் திரும்ப விடவில்லை; பிற்பகலில்தான் எச்சரிக்கை விலக்கப்பட்டது.