அடுக்குமாடிக் கேட்டுக்குள் இருக்கும் பூங்கா யாருடையது? ஓ.எஸ்.ஆர். விதி

சென்னையில் குப்பங்களையும் வாரியக் குடியிருப்புகளையும் ஒட்டிப் பெரிய அடுக்குமாடிகள் எழுந்திருக்கின்றன. அவற்றின் ஓரத்தில் ஊஞ்சலும் சறுக்குமரமும் தெரியும். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் போனால் "வெளியாட்களுக்கு அனுமதி இல்லை" என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்புவார். அது ஓ.எஸ்.ஆர். நிலமாக இருந்தால் அப்படித் தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது.

ஓ.எஸ்.ஆர். என்பது திறந்தவெளி ஒதுக்கீடு. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, மனை 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைக்குப் போக மீதியில் 10 சதவீதத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிந்து கொடுத்தாக வேண்டும். உதாரணமாக, 12,000 சதுர மீட்டரில் சாலைக்கு 2,000 போனால், பொதுமக்களுக்கு 1,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய நாலரை கிரவுண்டு. பத்திரம் பதிவானதும் நிலம் உள்ளாட்சியுடையது. பராமரிப்பைக் குடியிருப்போர் சங்கம் ஏற்றிருந்தாலும் உரிமை மாறாது. இதற்கு முன்பிருந்த இதே போன்ற ஒதுக்கீட்டு விதியை எதிர்த்த வழக்கில், அது செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேட்டுக்குள் இருக்கும் எல்லாப் பூங்காவும் இதில் சேராது. 3,000 சதுர மீட்டர் வரை ஒதுக்கீடே இல்லை. 3,000 முதல் 10,000 வரை நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். நெருக்கடியான பகுதிகளில் பலர் பணத்தையே கட்டிவிடுவதால், இடம் மிகவும் தேவைப்படும் தெருக்களுக்குத்தான் இடம் கிடைப்பதில்லை. ஆகவே முதலில் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்க விவரத்தை இலவசமாகப் பார்க்கலாம். மாநகராட்சி பெயருக்குத் தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். கட்டடம் எழுவதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே தேடுங்கள். உட்பிரிவுக்கு முந்தைய பழைய சர்வே எண்ணையும் போட்டுப் பாருங்கள். பலருக்குப் பத்திரம் கண்ணில் படாமல் போவது இந்த இரண்டையும் செய்யாததால்தான்.

அடுத்தது தகவல் உரிமை மனு. கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்பாக ஒட்டலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்றை இணைத்தால் கட்டணமே இல்லை. "ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அந்தச் சட்டத்தில் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். திட்ட அனுமதி வரைபடத்தின் நகலைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் (சி.எம்.டி.ஏ.) கேளுங்கள். தானப் பத்திர நகல், நிலத்தை ஒப்படைத்த தேதி, பட்டா இப்போது யார் பெயரில் இருக்கிறது, பராமரிப்பு ஒப்பந்தம் ஆகியவற்றை மாநகராட்சியிடம் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

பட்டாவைக் கேட்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பத்திரம் பதிந்தும் பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும் இடத்தில்தான் பார்க்கிங்கும் ஜெனரேட்டர் அறையும் முளைக்கின்றன. அதேபோல, வரைபடத்தில் பொதுச்சாலையிலிருந்து பூங்காவுக்கு வழி எங்கே காட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அடைபட்டிருப்பது அந்த வழிதான்.

ஆவணம் கைக்கு வந்தபின் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, நகல்களோடு மண்டல அலுவலகத்தில் எழுத்து மனு கொடுங்கள். வார்டு மக்கள் கூடும் பகுதி சபாக் கூட்டத்திலும் அந்த மனுவை வையுங்கள். மனுவில் "பூங்கா வேண்டும்" என்று எழுதினால் அது புதுக் கோரிக்கையாகிக் காத்திருக்கும். "மாநகராட்சிக்குச் சொந்தமான இன்ன சர்வே எண் நிலத்தின் வழியைத் திறந்து, பொதுப் பூங்கா என்று பலகை வையுங்கள்" என்றே எழுதுங்கள்.