காருக்குத் தடை போடாமல் தெருவை மீட்பது எப்படி?

ஒரு கடைத்தெருவில் ஓடும் கார்களில் இரண்டு வகை உண்டு. அந்தத் தெருவுக்கென்றே வருபவை ஒரு வகை. வேறெங்கோ போகும் வழியில் அதைக் குறுக்கு வழியாக்கிக்கொள்பவை இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையால் அந்தத் தெருவில் வாழ்பவருக்கோ கடை வைத்திருப்பவருக்கோ ஒரு பயனும் இல்லை. இரைச்சலும் புகையும் விபத்தும்தான் மிச்சம். அதை மட்டும் வெளியேற்ற ஒரு வழி இருக்கிறது.

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம் 1977 செப்டம்பரில் தன் மையப்பகுதியை நான்கு துண்டுகளாக்கியது. சுற்றுச்சாலையிலிருந்து எந்தத் துண்டுக்குள்ளும் காரில் நுழையலாம். ஆனால் ஒரு துண்டிலிருந்து பக்கத்துத் துண்டுக்கு நேரே போக முடியாது. வெளியே வந்து, சுற்றுச்சாலையில் வளைந்து, மறுபடி உள்ளே நுழைய வேண்டும். சைக்கிளில் போகிறவருக்கும் நடக்கிறவருக்கும் இந்த எல்லைகள் கிடையாது. கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனாலும் திட்டம் நிலைத்துவிட்டது. பெல்ஜியத்தின் கென்ட் நகரம் 2017 ஏப்ரல் 3 அன்று இதே முறைக்கு மாறியது. அங்கே நடுவில் கார் நுழையாத பகுதி, அதைச் சுற்றி ஆறு துண்டுகள், வெளியே ஆர்40 சுற்றுச்சாலை.

இதில் வேலை செய்வது நேரக் கணக்கு. ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடத்துக்குக் காரில் மூன்று, நான்கு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். சைக்கிளில் அதே ஒரு கிலோமீட்டர்தான். சிறு தூரங்களுக்குக் கார் எடுப்பது தானாகக் குறைகிறது. அதே சமயம், ஆறு துண்டுகளில் எந்த வீட்டு வாசலுக்கும் காரில் போய்ச் சேரலாம். நடக்க முடியாத முதியவரைக் கூட்டிப்போவதும் சரக்கு இறக்குவதும் நிற்பதில்லை.

அப்படியானால் அத்தனை கார்களும் சுற்றுச்சாலையில் போய்க் குவியாதா? ஒரு பங்கு அங்கே போகத்தான் செய்யும். சிக்னல் நேரங்களை முன்கூட்டியே மாற்றி வைக்காவிட்டால் நெரிசல் உறுதி. ஆனால் எல்லாம் அங்கே போவதில்லை. சாலை இடம் குறைக்கப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களை பிரிட்டன் ஆய்வாளர்கள் 2002இல் ஒப்பிட்டார்கள். பக்கத்துச் சாலைகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, அவற்றில் பாதி இடங்களில் போக்குவரத்து சுமார் 11 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. மக்கள் நேரத்தை மாற்றுகிறார்கள், இரண்டு வேலைகளை ஒரே பயணத்தில் முடிக்கிறார்கள், நடந்து போகிறார்கள்.

பெரும்பாலும் சறுக்குவது தடுப்பு வைக்கும் இடத்தில்தான். ஒரே ஒரு தெருவை மட்டும் அடைத்தால் நெரிசல் அடுத்த சந்துக்குள் புகுந்துவிடும். எல்லைக்கோட்டில் உள்ள எல்லாத் தெருக்களையும் ஒரே நாளில் அடைக்க வேண்டும். தடுப்புக்கு முன் வண்டி திரும்ப இடம் விடாவிட்டால், குப்பை லாரி தெரு முழுக்க ரிவர்ஸில் வரும். குழந்தைகள் விளையாடும் தெருவில் அதைவிட ஆபத்து வேறில்லை. தீயணைப்பு வண்டியின் அகலம் ஏறத்தாழ 2.5 மீட்டர். அதனால் 3.5 மீட்டருக்காவது திறக்கக்கூடிய வழி வேண்டும்: பூட்டித் திறக்கும் மடக்குக் கம்பம், அல்லது கம்பமே இல்லாமல் நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா. பேருந்து போகும் தெருக்களுக்குக் கேமராதான் சரி. சரக்கு இறக்கக் காலையில் சில மணி நேரம் ஒதுக்குவதைக் கடைக்காரர்களோடு முதலிலேயே பேசி முடிக்க வேண்டும்.

நிரந்தரக் கல் வேலையை முதல் நாளே தொடங்கத் தேவையில்லை. பெயின்ட், மண் நிரப்பிய கான்கிரீட் தொட்டி, பெஞ்சு ஆகியவற்றை வைத்துச் சில மாதம் பார்த்தால், தவறான இடத்தில் வைத்த தடுப்பை ஒரே நாளில் நகர்த்திவிடலாம். ஒரு கார் நிறுத்தச் சுமார் 12 சதுர மீட்டர் போகிறது. அந்த இடத்தில் ஒரு மரமும் இரண்டு பெஞ்சும் தாராளமாக அடங்கும்.

சென்னை, மதுரை போன்ற ஊர்களில் இதை அப்படியே நகலெடுக்க முடியாது. காரணம், இருசக்கர வாகனங்கள். கம்பங்களுக்கு நடுவே 1.2 மீட்டர் விட்டால் காரும் ஆட்டோவும் நிற்கும்; பைக் நுழைந்துவிடும். இடைவெளியைக் குறுக்கினாலும் பயனில்லை. வீல்சேருக்குக் குறைந்தது 90 சென்டிமீட்டர் தேவை; பைக்குக்கு அதுவே தாராளம். எனவே இங்கே கம்பத்தை மட்டும் நம்பக் கூடாது. எல்லையில் இருபது, முப்பது மீட்டர் நீளத்துக்குத் தெருவை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி, மரமும் இருக்கையும் தள்ளுவண்டிக் கடைகளுக்கு இடமும் வைத்து, நடப்பவர்கள் எப்போதும் நிறைந்திருக்கும் சிறு திடலாக்கலாம். அந்தக் கூட்டத்துக்குள் வேகமாகப் போக முடியாது. குறுக்கு வழியால் மிச்சமாகும் நேரமும் கரைந்துவிடும். அதற்கு மேலும் நுழைபவருக்குக் கேமரா வழி அபராதம்.