இரண்டாவது குண்டும் இடது தோளும்

காயம்பட்ட ஆப்பிரிக்க எருமை பாய்ந்து வரும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தை எட்டக்கூடியது. நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். முப்பது மீட்டர் தொலைவிலுள்ள புதரிலிருந்து அது வெளிப்பட்டால், எதிரில் நிற்பவருக்குக் கிடைப்பது இரண்டு நொடிக்குச் சற்றே அதிகமான நேரம். ஏற்கெனவே குழலில் இருக்கும் தோட்டாவைச் சுடுவதற்கு இந்த நேரம் போதும். அது எருமையை நிறுத்தவில்லை என்றால், வெற்றுக் கூட்டை வெளியேற்றி, அடுத்த தோட்டாவை ஏற்றி, மீண்டும் குறிபார்த்துச் சுடுவதற்கும் இதே நேரத்திற்குள்தான் இடம் தேட வேண்டும். துப்பாக்கி வலக்கையருக்கானதா இடக்கையருக்கானதா என்ற கேள்வி உயிர்ப் பிரச்சினையாக மாறுவது இந்த இரண்டாவது குண்டில்தான். மானையோ பன்றியையோ வேட்டையாடுபவருக்கு இது வெறும் வசதி பற்றிய கேள்வியாகவே நின்றுவிடும்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகும், கென்யாவில் 1977ஆம் ஆண்டுத் தடைக்குப் பிறகும் இத்தகைய வேட்டை சட்டத்திற்குப் புறம்பானது. தான்சானியா, ஜிம்பாப்வே, நமீபியா போன்ற நாடுகளில் உரிமத்தின் பேரில் அது இன்றும் நடைபெறுகிறது. வேட்டை சரியா தவறா என்ற விவாதத்துக்குள் இக்கட்டுரை நுழையவில்லை. இடது தோளில் வைத்துச் சுடும் ஒருவருக்கு ஏற்ற கனரக ரைஃபிள் கிடைப்பது ஏன் இவ்வளவு அரிது என்பதற்குப் பின்னே நல்ல எந்திரவியல் இருக்கிறது. அதை மட்டும் பார்ப்போம்.

போல்ட் ரைஃபிளில், அதாவது குழலின் பின்புறத்தை மூடும் உருளையைக் (போல்ட்) கையால் முன்னும் பின்னும் இயக்கித் தோட்டா ஏற்றும் துப்பாக்கியில், கைப்பிடி வலப்புறம் இருப்பது வலக்கையருக்கு எளிது. இடது கை துப்பாக்கியின் முன்பகுதியைத் தாங்கி நிற்க, விசையை இழுத்த வலது கை சற்றே உயர்ந்து கைப்பிடியைத் தூக்கி, பின்னிழுத்து, முன்தள்ளி, இறக்கிவிட்டு மறுபடியும் விசைக்குத் திரும்புகிறது. துப்பாக்கி தோளைவிட்டு நகர வேண்டியதே இல்லை. இடக்கையரோ அதே துப்பாக்கியை இடது தோளில் வைத்திருக்கிறார். அவருடைய வலது கைதான் எடையைத் தாங்குகிறது. அவர் இடது கையைத் துப்பாக்கிக்கு மேலாக அந்தப் பக்கம் கொண்டுசென்று கைப்பிடியைப் பிடிக்க வேண்டும், அல்லது தாங்கும் வலது கையை எடுத்துக் கைப்பிடியை இயக்க வேண்டும். மணல்மூட்டையின் மீது துப்பாக்கியைச் சாய்த்துச் சுடுபவருக்கு இரண்டாவது வழி மிக வசதியானது. அங்கே இடக்கையருக்கு வலக்கைத் துப்பாக்கி ஆதாயமாகக்கூட இருக்கும். ஆனால் நின்றபடி நான்கரை கிலோ எடையை ஒற்றைக் கையில் ஏந்திக்கொண்டு அப்படிச் செய்ய இயலாது. மேலாகக் கையைக் கொண்டுசென்றால் குறிநோக்கி இடையில் வந்து தடுக்கும், துப்பாக்கி தோளிலிருந்து சரியும், கண் குறியை இழக்கும். போதாக்குறைக்கு, கூடு வெளியேறும் திறப்பு அவருடைய முகம் இருக்கும் பக்கத்திலேயே அமைகிறது. தோட்டாக் கூடு அரிதாக வெடித்து வாயு கசிந்தால் அதன் வழி அந்தத் திறப்பாகவும் இருக்கலாம் என்பதால், இப்படிச் சுடுபவர் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுடவே கூடாது.

கைப்பிடியை மட்டும் இடப்புறம் மாற்றிப் பற்றவைத்துவிட்டால் போதாதா என்ற கேள்வி பலருக்கும் முதலில் எழும். போதாது. சுடுபவரின் பின்னாலிருந்து பார்த்தால், வலக்கைத் துப்பாக்கியின் போல்ட் திறக்கும்போது இடஞ்சுழியாகச் சுழல்கிறது. ஆகவே வலப்புறக் கைப்பிடி மேலே எழுகிறது. அதே போல்ட்டின் இடப்புறத்தில் கைப்பிடி வைத்தால், அதே சுழற்சிக்கு அது கீழே இறங்கியாக வேண்டும். அதாவது பூட்டிய நிலையில் கைப்பிடி மேல்நோக்கித் துருத்திக்கொண்டு நிற்கும், திறப்பதற்கு அதைக் கீழே அமுக்க வேண்டியிருக்கும். இதைத் தவிர்க்கச் சுழற்சியின் திசையையே மாற்ற வேண்டும். திசையை மாற்றினால் போல்ட்டோடு தொடர்புடைய ஒவ்வொரு சரிவுப் பரப்பையும் மாற்ற வேண்டும். வலது கால் செருப்பை எவ்வளவு வளைத்தாலும் அது இடது காலுக்குச் சேராததைப் போன்றதுதான் இது.

எவை எவை மாற வேண்டும் என்பதற்கு, ஜெர்மானிய ராணுவம் 1898இல் ஏற்றுக்கொண்ட மவுசர் 98 அமைப்பையே எடுத்துக்கொள்ளலாம். கனரக வேட்டைத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றின் மூதாதை அதுதான். போல்ட்டின் முன்முனையில் எதிரெதிராக இரண்டு பூட்டு முனைகள் உள்ளன. போல்ட்டின் வலப்புறத்தில் நீண்ட எஃகுக் கொக்கி ஒன்று, போல்ட் சுழன்றாலும் தான் சுழலாமல், தோட்டாவின் விளிம்பைப் பற்றிக்கொண்டு பின்னே வருகிறது. இடப்புறத்தில் ரிசீவரின் (போல்ட் ஓடும் எஃகு உறை) சுவரிலிருந்து ஒரு முள் நீண்டு, இடப்பக்கப் பூட்டு முனையில் வெட்டப்பட்ட பிளவு வழியாக உள்ளே வந்து, கூட்டின் அடிப்பகுதியில் மோதுகிறது. கொக்கியை அச்சாகக் கொண்டு கூடு வலப்புறம் சுழன்று பறக்கிறது. பின்பகுதியில், கைப்பிடியின் வேர் ரிசீவரிலுள்ள ஒரு சாய்தளத்தின் மீது ஏறி, தூக்கலின் கடைசிக் கட்டத்தில் போல்ட்டைச் சிறிதளவு பின்னுக்கு நெம்புகிறது. தோட்டா அமரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்ட கூடு விடுபடுவது இந்த நெம்புதலால்தான். சுடும் ஊசியைப் பின்னிழுத்து நிறுத்தும் சரிவு, போல்ட் நிறுத்தி, பாதுகாப்புப் பூட்டு என மற்றவையும் ஒரு பக்கச் சார்புடையவை. இவை அனைத்தையும் கண்ணாடிப் பிம்பமாக மீண்டும் வடித்தால்தான் உண்மையான இடக்கை ரைஃபிள் பிறக்கும். தோட்டாக்கள் மாறிமாறி இருபக்கமும் அடுக்கப்படுவதால், மேகசின் மட்டும் ஏறக்குறைய அப்படியே பயன்படும்.

அந்த நீண்ட கொக்கியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இடக்கையரின் தேடல் பெரும்பாலும் இங்கேதான் முட்டி நிற்கிறது. மவுசர் வகையில் தோட்டா மேகசினிலிருந்து மேலெழும்போதே அதன் விளிம்பு கொக்கிக்குள் நழுவிவிடும்; அறைக்குள் முழுமையாக நுழையும்வரை அது போல்ட்டின் பிடியிலேயே இருக்கும். மற்றொரு வகையில் போல்ட் தோட்டாவை முன்னே தள்ள மட்டுமே செய்கிறது. கடைசியில் போல்ட் மூடும்போதுதான் சிறிய கொக்கி விளிம்பின் மேல் ஏறிப் பற்றுகிறது. பதற்றத்தில் ஒருவர் போல்ட்டைப் பாதி முன்தள்ளிவிட்டு மறுபடியும் பின்னிழுத்தால், முதல் வகையில் அந்தத் தோட்டா போல்ட்டோடு திரும்பி வரும். இரண்டாம் வகையில் அது அறையின் வாயிலேயே தங்கிவிட, அடுத்த தோட்டா அதன் முதுகில் முட்டி, துப்பாக்கி முழுவதுமாக அடைத்துக்கொள்ளும். இலக்கு நோக்கிச் சுடும் போட்டியில் இது எரிச்சலோடு முடிந்துவிடும். எருமையின் முன்னால் அப்படி முடியாது. தள்ளும் வகைத் துப்பாக்கியுடன் காலமெல்லாம் வேட்டையாடியவர்களும் உண்டு. ஆயினும் ஆபத்தான விலங்குக்குப் பற்றும் வகையையே வேட்டை வழிகாட்டிகள் பெரும்பாலோர் விரும்புவதில் நியாயம் இருக்கிறது.

இடக்கையர் மனிதர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். எனினும் இடது தோளைத் தேடுபவர்கள் அதைவிட அதிகம். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடது கண் ஆதிக்கக் கண்ணாக இருக்கிறது. வலது கையால் எழுதும் பலரும் இதில் அடக்கம். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு இடைவெளி விட்டு, அதன் வழியாகத் தொலைவிலுள்ள ஒரு பொருளைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால், எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் நகராமல் இருக்கிறதோ அதுவே ஆதிக்கக் கண். நெருக்கத்தில் விரைந்து சுடும்போது இரு கண்களும் திறந்திருக்க வேண்டும். அப்போது மூளை ஆதிக்கக் கண்ணின் காட்சியையே நம்புவதால், குழல் வலது கண்ணுக்குக் கீழும் பார்வை இடது கண்ணிலுமாக இருப்பவரின் குண்டு பக்கவாட்டில் விலகும்.

இவ்வளவு பேர் இருந்தும் துப்பாக்கி ஏன் இல்லை? இதற்கு விடை ராணுவ வரலாற்றில் இருக்கிறது. படைவீரர்கள் அனைவரும் வலது தோளில் சுடவே பயிற்றுவிக்கப்பட்டனர்; எனவே ராணுவ போல்ட் ரைஃபிள்கள் வலக்கைக்கு மட்டுமே வார்க்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் வேட்டைத் துப்பாக்கித் தொழிலோ பெரிய அளவில் அந்த ராணுவ அமைப்புகளின் மீதும், அவற்றின் வணிக வடிவங்களின் மீதும் கட்டப்பட்டது. தொடர் உற்பத்தியில் இடக்கை போல்ட் ரைஃபிள் வந்தது 1958இல் அறிமுகமான சாவேஜ் 110 மாதிரிக்குப் பிறகுதான். அதுவும் தள்ளும் வகை. 1990களின் பிற்பகுதியில் வின்செஸ்டர் 70இன் பற்றும் வகை இடக்கை வடிவில் கிடைத்தது. ரூகர் நிறுவனமும் இடக்கையருக்கான பற்றும் வகை ரைஃபிள்களைக் கொடுத்தது.

அடுத்த தடை நீளம். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான விலங்குக்குக் குறைந்தபட்சம் .375 அங்குல விட்டமுள்ள தோட்டா வேண்டும் என்பது விதி. 1912இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் தோட்டாவின் மொத்த நீளம் 91 மில்லிமீட்டருக்கும் மேல், 1911இன் .416 ரிக்பி 95 மில்லிமீட்டர், அதன் அடிவிளிம்பு 15 மில்லிமீட்டர் அகலம். சாதாரண நீளமுள்ள ரிசீவரோ சுமார் 85 மில்லிமீட்டர் தோட்டாவுக்கும், 12 மில்லிமீட்டர் விளிம்புக்கும் அளவெடுத்தது. நீளத்துக்காக ரிசீவரின் உட்புறத்தைக் குடைந்தால், கீழ்ப்பூட்டு முனை சாய்ந்து நிற்கும் எஃகு மெலிந்துவிடும். ஆகவே இடக்கை, பற்றும் வகை, மேக்னம் எனப்படும் கூடுதல் நீளம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்த ரிசீவர் வேண்டும். ஒவ்வொரு நிபந்தனையும் சந்தையை மேலும் சுருக்குகிறது.

இந்த முடிச்சை அவிழ்க்க எனக்குப் பிடித்த வழி தோட்டாவை மாற்றுவது. 1956இல் வந்த .458 வின்செஸ்டர் மேக்னம், சாதாரண நீளத்திற்குள் 500 கிரெய்ன், அதாவது 32 கிராம் குண்டை அடக்குகிறது. 2007இன் .375 ரூகரும் அதற்கு அடுத்த ஆண்டின் .416 ரூகரும் அதே சாதாரண நீளத்திற்காகவே வடிவமைக்கப்பட்டவை; அவற்றின் பருத்த உடலில் போதிய வெடிமருந்து கொள்ளும். சாதாரண நீள இடக்கை ரிசீவர் ஒன்று கிடைத்தால், தகுதியுள்ள துப்பாக்கிக் கொல்லர் அதற்குப் புதிய குழல் பொருத்தி, போல்ட் முகத்தை அகலமாக்கி, கொக்கியைச் சீர்படுத்தித் தந்துவிடலாம். பழைய நீண்ட தோட்டாக்களுக்கு ஒரு சிறப்பு உண்டு என்பதையும் மறுக்க முடியாது. .416 ரிக்பியின் பெரிய கூட்டில் அழுத்தத்தின் உச்ச வரம்பு 3,250 பார் மட்டுமே; .375 ஹாலண்டில் அது 4,300. வெப்பம் ஏற ஏற வெடிமருந்தின் அழுத்தமும் கூடும் என்பதால், ஆப்பிரிக்க வெயிலில் கூடு சிக்காமல் வெளிவருவதற்குக் குறைந்த அழுத்தம் உதவுகிறது.

போல்ட்டே வேண்டாம் என்றால் இரட்டைக்குழல் ரைஃபிள் இருக்கிறது. இரண்டு குழல், இரண்டு விசை. இரண்டாவது குண்டுக்கு விரலை ஒரு விசையிலிருந்து மற்றதற்கு நகர்த்தினால் போதும். கைப்பிடி இல்லை, பாதுகாப்புப் பூட்டு நடுமுதுகில் இருக்கிறது, ஆகவே இடக்கையரும் வலக்கையரும் இங்கே ஏறத்தாழச் சமம். இடக்கையருக்கெனச் செய்யப்பட்டவற்றில் முன்விசை வலக்குழலுக்குப் பதிலாக இடக்குழலைச் சுடும். திறக்கும் நெம்புகோலும் எதிர்த்திசையில் திரும்பும். ஒவ்வொரு குழலும் நடுக்கோட்டிலிருந்து விலகி இருப்பதால், சுடும்போது வலக்குழல் துப்பாக்கியை வலப்புறமும் இடக்குழல் இடப்புறமும் திருப்பும். இதை ஈடுகட்டக் குழல்கள் முனையில் சற்றே நெருங்குமாறு வைத்துப் பற்றாசு செய்யப்படுகின்றன; கைவினைஞர் சுட்டுப் பார்ப்பார், சூடாக்கிப் பிரிப்பார், குழல்களுக்கு இடையிலுள்ள ஆப்பை நகர்த்துவார், மீண்டும் சுடுவார். விலை அதற்கேற்ப இருக்கும். ஒற்றைத் தோட்டா ரூகர் நம்பர் 1 இதற்கு நேர் எதிர்: 1967 முதல் வந்த இதன் நெம்புகோல் அடியிலும் பூட்டு முதுகிலும் இருப்பதால் எந்தத் தோளுக்கும் பொருந்தும், ஆனால் இரண்டாவது குண்டை இடுப்புப் பட்டையிலிருந்து எடுத்துப் போட வேண்டும்.

எந்த வழியில் சென்றாலும் தோளில் ஊன்றும் மரக்கட்டையை மறந்துவிடக் கூடாது. .375 ரைஃபிள் 19.4 கிராம் குண்டை நொடிக்கு 770 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. பின்தொடரும் வாயுவின் உந்தத்தையும் சேர்த்தால், 4.3 கிலோ துப்பாக்கி நொடிக்கு ஏறத்தாழ 4.8 மீட்டர் வேகத்தில் பின்னே வருகிறது, 50 ஜூல் ஆற்றலுடன். .458இல் அது 80 ஜூலை நெருங்கும். வலக்கையருக்கான கட்டையின் பின்பகுதி, கண் குழலின் கோட்டுக்கு வரும்படி, சில மில்லிமீட்டர் வலப்புறம் ஒதுக்கப்பட்டிருக்கும். கன்னத் திண்டு இடப்பக்கம் இருக்கும். இடக்கையர் அதில் கன்னம் வைத்தால் கட்டை அவருடைய கன்ன எலும்பை நோக்கியே பாயும், கண்ணும் கோட்டிலிருந்து விலகும். இடக்கை போல்ட்டை வாங்கி வலக்கைக் கட்டையில் பொருத்திக்கொள்வது ஆகக் கெட்ட சிக்கனம். வால்நட் கட்டையைச் சூடாக்கிச் சில மில்லிமீட்டர் வளைப்பது துப்பாக்கிக் கொல்லர்களுக்குப் பழகிய வேலைதான். திண்டின் பக்கத்தை அப்படி மாற்ற முடியாது.

பிரிட்டனில் செய்யப்பட்ட துப்பாக்கி விற்பனைக்கு வருமுன் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையில் வழக்கத்தைவிட அதிக அழுத்தமுள்ள தோட்டாவால் சோதிக்கப்பட்டு முத்திரை பெற வேண்டும் என்பது சட்டம். உலோகம் தாங்கும் என்பதற்கு அந்த முத்திரை சான்று. தோட்டா தடையின்றி ஏறும் என்பதற்கு அது சான்றாகாது. வெடிமருந்தில்லாத போலித் தோட்டாக்களை மேகசின் நிறைய இட்டு, துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமல், மெதுவாகவும் வேகமாகவும், சாய்த்தும் நிமிர்த்தியும் போல்ட்டை இயக்கிப் பார்ப்பதே அதற்கான சோதனை. கண்ணாடிப் பிம்பமாகப் புதிதாக வடித்த அமைப்பில் மேகசினின் உதடுகள் ஒரு பக்கத் தோட்டாவை மட்டும் சற்றுத் தாமதமாக விடுவிப்பது உண்டு. அந்தத் தாமதம் பட்டறையில் வெளிப்பட்டால் அரத்தால் சில நிமிடத்தில் சரிசெய்துவிடலாம்.