தமிழில் வாக்குறுதி, ஆங்கிலத்தில் நிபந்தனை

விளம்பர வாசகம் எழுதுவது என் தொழில். எங்கள் துறையில் ஊறிப்போன ஒரு பழக்கம் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. "30 நாளில் முடி உதிர்வது நிற்கும்" என்பதைத் தமிழில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். பலன் ஆளுக்கு ஆள் மாறும் என்பது மட்டும் ஆங்கிலத்தில், அடியில், பூதக்கண்ணாடி கேட்கும் அளவில் இருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு வாக்குறுதி போய்ச் சேர்கிறது, நிபந்தனை போய்ச் சேர்வதில்லை.

இது சட்டப்படியே தவறு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த விதிகளின்படி, விளம்பரம் எந்த மொழியில் வாக்குறுதி தருகிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும். மேலே தவறாகச் சொல்லிவிட்டு அடிக்குறிப்பில் சரிசெய்து கொள்ளவும் இடமில்லை. இந்த விதிகள் எங்களைப் போன்ற விளம்பர ஏஜென்சிகளையும் கட்டுப்படுத்தும். தவறான விளம்பரத்துக்குத் தயாரிப்பாளருக்கோ, அதில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கோ 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை.

விதி இருந்தும் ஏன் நடக்கிறது? இன்று காலை இணையத்தில் போட்ட விளம்பரத்துக்கு மாலையே கணக்கு வந்துவிடுகிறது. இரண்டு வாசகங்களை ஓடவிட்டு, அதிக கிளிக் வாங்கியதை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துகிறோம். மிகைப்படுத்திய வாசகம் பெரும்பாலும் ஜெயித்துவிடுகிறது. "லீட் எத்தனை வந்தது?" என்று, அதாவது விளம்பரத்தைப் பார்த்து எத்தனை பேர் விசாரித்தார்கள் என்று, கிளையன்ட் கேட்கும்போது, நிதானமாக எழுதியவர் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கிறது. வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகளை இது ரொம்பவே வாட்டுகிறது.

மருந்து விளம்பரத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு என்று எழுதித் தரச் சொல்லி ஒருவர் வந்தார். "மூலிகைதானே சார், பக்கவிளைவே கிடையாது" என்றார். மருந்தால் சர்க்கரை நோயும் புற்றுநோயும் குணமாகும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. மூலிகைக்கு விலக்கு இல்லை. அந்த வரியை நம்பி ஒருவர் இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. முடியாது என்றோம். அவர் வேறு ஏஜென்சிக்குப் போனார். அந்த மாதம் எங்களுக்குக் கையைக் கடித்தது உண்மை.

ஆனாலும் இந்தத் தொழிலை விட மனம் வராததற்குக் காரணம் இருக்கிறது. மரச்செக்கு வைத்திருக்கும் ஒரு அண்ணன், "கொலஸ்ட்ரால் இல்லாத கடலை எண்ணெய்" என்று போடச் சொன்னார். கொலஸ்ட்ரால் விலங்குகளிலிருந்து வரும் உணவில் இருப்பது; கடலை எண்ணெய் எதிலுமே அது இருக்காது. தன் எண்ணெய்க்கு மட்டும் உள்ள சிறப்பாக அதைச் சொல்வது படிப்பவரை ஏமாற்றுவதுதான். செக்கடிக்கே போய் உட்கார்ந்தோம். பருப்பைக் கொட்டுவதற்கு முன் நான்கு பெண்கள் முறத்தில் வைத்து, பூஞ்சை பிடித்ததையும் சுருங்கியதையும் பொறுக்கி வீசிக்கொண்டிருந்தார்கள். கடலையில் வளரும் பூஞ்சை கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கும். தினமும் பார்க்கிற வேலை என்பதால், அதைச் சொல்ல வேண்டும் என்று அண்ணனுக்குத் தோன்றவே இல்லை. அதையே விளம்பரமாக்கினோம். செக்கைப் பார்க்கவென்றே ஆட்கள் வந்தார்கள், பொறுக்குவதைப் பார்த்துவிட்டு எண்ணெய் வாங்கிப் போனார்கள். அப்படி ஒரு உண்மையைத் தேடிப் பிடித்து எழுதும் நாளில் கிடைக்கும் நிறைவை வேறு எதிலும் நான் கண்டதில்லை.

படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நோய் தீரும், பணம் இரட்டிப்பாகும் என்ற விளம்பரம் கண்ணில் பட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், தேதியோடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலுக்கும் எழுதலாம். துறையினரே 1985இல் தொடங்கிய அமைப்பு அது. புகார் ஒன்று பதிவானால், "எல்லோரும் இப்படித்தானே போடுகிறார்கள்" என்று வரும் கிளையன்டிடம் எடுத்துக் காட்ட எங்களுக்கும் ஆதாரம் கிடைக்கும்.