தையல் ஆறிய பிறகும் ஆறிக்கொண்டிருப்பவை

சித்திக்கு இதயத்தின் மைட்ரல் வால்வை அறுவை செய்து மாற்றி 24ஆம் நாள். காலை ஆறரை மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. பல் தேய்த்துக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தால், சித்தி குழாயடியில் குனிந்து நிறைகுடத்தின் கழுத்தில் கை போட்டுவிட்டார். ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். "காயந்தான் நல்லா ஆறிடுச்சேடா, ஒரு குடந்தானே" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. நடு நெஞ்சில் மேலிருந்து கீழாக ஒரு சாண் நீளத்துக்கு இறங்கும் அந்தக் கோட்டில் பொருக்கு உதிர்ந்து இளஞ்சிவப்புத் தோல் வந்திருந்தது. தோல் இரண்டு மூன்று வாரத்தில் மூடிக்கொள்ளும். அதற்குக் கீழே இருக்கும் எலும்புக்கு அந்த வேகம் கிடையாது. அதற்கும் உள்ளே, இதயத்தில் வைத்துத் தைத்த வால்வின் விளிம்புக்கு இன்னும் நாளாகும். வீட்டுக்கு வந்த பிறகு வரும் சிக்கல்களில் பல, மேலே தெரிகிற காயத்தை வைத்து உள்ளே இருப்பதைக் கணக்குப் போடுவதால் வருகின்றன. அந்த மூன்று மாதமும் சித்தி வீட்டில் உடனிருந்தவன் என்பதால் இதை விரிவாக எழுதத் தோன்றுகிறது.

முதலில் எலும்பு. வால்வை எட்டுவதற்கு நெஞ்செலும்பை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்து இரண்டாக விரிக்கிறார்கள். வேலை முடிந்ததும் இரு பாதிகளையும் சேர்த்துத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் பல இடங்களில் முறுக்கிக் கட்டுகிறார்கள். பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயில் அந்த முடிச்சுகள் வரிசையாகத் தெரியும். சாதாரணமாக அவை ஆயுள் முழுக்க உள்ளேயே இருக்கும்.

கை எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைக்கிறோம். நெஞ்செலும்புக்கு அந்த வசதி இல்லை. மூச்சு விட்டாக வேண்டும். நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால்கூட ஒரு நாளைக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் விலா எலும்புகள் ஏறி இறங்கும். அந்த அசைவுக்கு நடுவில்தான் அறுத்த இடத்தில் முதலில் மென்மையான இணைப்புத் திசு படர்ந்து, பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து ஏறி, எலும்பாக வேண்டும். ஓரளவு பிடிப்பு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். நல்ல உறுதி வர மூன்று மாதம் ஆகிவிடும். அதுவரை எஃகுக் கம்பிதான் பாரம் தாங்குகிறது.

இப்போது குடத்துக்கு வருவோம். மார்புத் தசைகள் நெஞ்செலும்பின் இரு பக்கமும் ஒட்டியிருந்து தோளை நோக்கிப் போகின்றன. கனமான பொருளைக் கையை நீட்டித் தூக்கும்போது அவை எலும்பின் இரு பாதிகளையும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும். ஒரு கையால் மட்டும் இழுத்தால் ஒரு பாதி முன்னே, மறு பாதி பின்னே என்று உரசும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரம் வரை நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள் என்கிறார்கள். நிறைந்த பிளாஸ்டிக் குடம் பன்னிரண்டு கிலோவைத் தாண்டும். பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவது, ஒரு வயதுப் பேரனை இடுப்பில் தூக்கி வைப்பது, தரையில் உட்கார்ந்து கையை ஊன்றி எழுவது, மாவாட்டும் கல்லைத் தூக்கிக் கழுவுவது எல்லாம் இதே கணக்குத்தான். டிஸ்சார்ஜ் தாளில் 'கனமான பொருள் தூக்கக் கூடாது' என்று ஒற்றை வரி இருக்கும். நம் வீடுகளில் எது கனம் என்பது அந்த வரியில் இருக்காது.

எழுந்திருக்கவும் ஒரு முறை உண்டு. நேராக மல்லாந்த நிலையிலிருந்து நிமிரக் கூடாது. ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் அந்தக் கால் பாரமே உடம்பை நிமிர்த்த உதவும். இருமலோ தும்மலோ வந்தால் சின்னத் தலையணையை இரு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். இருமும்போது உள்ளேயிருந்து வரும் அழுத்தத்தை வெளியேயிருந்து தாங்கிக் கொடுக்கும் வேலை அது. இருமவே பயந்து சளியை அடக்கினால் நுரையீரலின் அடிப்பகுதிக் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பும் மூன்று பந்துக் கருவி இதற்குத்தான். உறிஞ்சி மூச்சை இழுத்துப் பந்தை மேலே நிறுத்தும்போது அந்த அறைகள் மறுபடி விரிகின்றன. பெண்கள் கேட்கக் கூச்சப்படும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: முன்பக்கம் கொக்கி வைத்த மென்மையான உள்ளாடை போட்டுக்கொள்வது நல்லது. மார்பின் பாரம் காயத்தை இரு பக்கமும் இழுக்காமல் அது தாங்கும். திரும்பிப் படுக்கும்போது நெஞ்சுக்குள் 'கடக்' என்று எலும்பு நகருவது போலிருந்தாலோ, காயத்தில் நீர் கசிந்தாலோ அன்றே அறுவை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்தது வால்வின் விளிம்பு. செயற்கை வால்வைச் சுற்றிப் பாலியஸ்டர் துணியாலான ஒரு வளையம் இருக்கும். அந்தத் துணியில் நூல் கோத்துத்தான் வால்வை இதயத்தோடு தைக்கிறார்கள். ரத்தம் தன் ஓட்டத்தில் துணி என்ற ஒன்றைப் பார்த்ததே கிடையாது. ரத்தக் குழாயின் உட்சுவரை மூடியிருக்கும் வழவழப்பான செல்படலத்தைத் தவிர வேறு எதைத் தொட்டாலும் அது உறையத் தொடங்கிவிடும். நாளடைவில் உடம்பு தன் சொந்தத் திசுவை அந்தத் துணியின் மேல் படரவிட்டு மூடுகிறது. அதற்கு ஏறக்குறைய மூன்று மாதம். ரத்தக்கட்டி சேரும் ஆபத்து அதிகமுள்ள காலமும் அதுதான். கட்டி ஒன்று சேர்ந்து பிய்த்துக்கொண்டு போனால் நேராக மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். பன்றியின் வால்விலிருந்தோ மாட்டின் இதய உறையிலிருந்தோ செய்த திசு வால்வு வைத்தவர்களுக்கும் தொடக்கத்தில் மூன்று மாதம் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை கொடுப்பது பெரும்பாலும் இதனால்தான். உலோகம், கரி, பிளாஸ்டிக் என்று அசையும் பாகம் கொண்ட இயந்திர வால்வில் அந்தப் பாகத்தின்மேல் திசு படரவே முடியாது. ஆகவே மாத்திரை ஆயுளுக்கும்.

அந்த மாத்திரையின் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்குப் பகுதிகளிலும் இனிப்பு குளோவர் என்ற தீவனப் பயிரின் பூசணம் பிடித்த வைக்கோலைத் தின்ற மாடுகள் சின்னக் காயத்துக்கே ரத்தம் நிற்காமல் செத்தன. 1933இல் விஸ்கான்சின் விவசாயி ஒருவர் பனிப்புயலில் வண்டி ஓட்டிக்கொண்டு, செத்த மாட்டையும், உறையாத ரத்தம் நிறைந்த பால் கேனையும் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். அந்த வைக்கோலில் இருந்த பொருளைப் பிரித்தெடுக்க லிங்கின் குழுவுக்கு ஆறேழு வருடம் பிடித்தது. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக வந்தது. 1954இல் மனிதருக்கு அனுமதி கிடைத்தது. நம் ஊரில் அதன் உறவுக்கார மருந்தான அசெனோகூமரால்தான் பலருக்கும் எழுதப்படுகிறது. 'அசிட்ரோம்' என்றால் எல்லா மருந்துக்கடையிலும் தெரியும்.

'ரத்தம் இளக்குகிற மாத்திரை' என்று சொல்கிறோம். உண்மையில் ரத்தம் நீர்த்துப்போவதில்லை. ரத்தம் உறையத் தேவையான புரதங்களில் நான்கைக் கல்லீரல் வைட்டமின் கே-யின் உதவியோடுதான் செய்து முடிக்கிறது. ஒருமுறை உதவிய வைட்டமின் கே தேய்ந்துவிடும். அதைப் புதுப்பித்து மறுபடி வேலைக்கு அனுப்ப ஒரு நொதி இருக்கிறது. மாத்திரை அந்த நொதியை மடக்குகிறது. அதன் பிறகு வரும் புரதங்கள் அரைவேக்காடாகவே வருகின்றன.

இங்கே ஒரு நுணுக்கம். மாத்திரை போடுவதற்கு முன்பே செய்து முடித்த புரதங்கள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று ஆறு மணி நேரத்தில் பாதியாகும். இன்னொன்று பாதியாக இரண்டரை நாள் ஆகும். இன்று இரவு போட்ட மாத்திரையின் முழுப் பலன் மூன்று நாலு நாள் கழித்துத்தான் தெரியும். நேற்று மறந்துவிட்டோமே என்று இன்று இரண்டாகப் போட்டால், அந்தத் தவறு நாளை காட்டாமல் நாளை மறுநாளுக்கு அப்புறம் காட்டும். அதனால்தான் மருத்துவர் அரை மாத்திரை கூட்டினால், சில நாள் விட்டு மறுபடி ரத்தம் கொடுக்கச் சொல்கிறார்.

ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அந்தப் பரிசோதனைதான் ஐ.என்.ஆர். மாத்திரை போடாதவருக்கு 1 என்றால், இயந்திர மைட்ரல் வால்வு வைத்தவருக்குப் பொதுவாக 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். பெருந்தமனி வால்வு என்றால் பெரும்பாலும் 2க்கும் 3க்கும் நடுவில். குறைந்தால் கட்டி சேரும், கூடினால் ரத்தம் கசியும்.

சித்தி கீரையை அறவே நிறுத்திவிட்டார். யாரோ சொன்னார்களாம். ஐந்தாம் வாரம் ஊரிலிருந்து அவர் அக்கா, என் பெரியம்மா, ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வந்திறங்கினார். "ஒடம்புல ரத்தமே இல்ல, இத தின்னாத்தான் ஊறும்" என்று ஒரு வாரம் தினமும் பொரியல், கூட்டு, சூப்பு. 2.8ஆக இருந்த எண் 1.6க்கு இறங்கிவிட்டது. பெரியம்மாவின் அன்பில் குறையில்லை, முருங்கைக்கீரையிலும் குறையில்லை. பச்சைக் கீரைகளில் வைட்டமின் கே நிறைய. மாத்திரை எந்த நொதியை மடக்கியதோ, அதன் தயவே தேவைப்படாத அளவுக்குப் புதிய வைட்டமின் உள்ளே வந்துவிட்டது. கீரையை விட வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு கிண்ணம் என்றால் எப்போதும் அதே இரண்டு நாள், அதே கிண்ணம். அதற்கேற்ப மாத்திரை அளவை மருத்துவர் பொருத்திக்கொள்வார். காலண்டரில் கீரை நாளுக்குப் பச்சைப் பேனாவால் புள்ளி வைத்தோம். அதன் பிறகு எண் அதிகம் ஆடவில்லை.

இதைவிட எனக்குப் பயம் தந்தது காய்ச்சல். ஏழாம் வாரம் லேசாகச் சுட்டது. தெருமுனைக் கிளினிக்கில் "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்று இடுப்பில் போட ஆயத்தமாகிவிட்டார்கள். சித்தப்பா அசிட்ரோம் அட்டையைக் காட்டித் தடுத்தார். ரத்தம் உறையத் தாமதமாகும் ஒருவருக்குத் தசையில் ஆழமாக ஊசி குத்தினால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து கட்டியாக வீங்கலாம். டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கலாம். பல ஆன்டிபயாடிக்குகள் ஐ.என்.ஆர். எண்ணை ஏற்றிவிடும். நாட்டு மருந்துப் பொடிகளும் மருத்துவருக்குத் தெரியாமல் உள்ளே போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, புது வால்வு வைத்தவரின் காய்ச்சல் வால்விலேயே கிருமி ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்னால் ரத்தம் எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்த்தால்தான் எந்தக் கிருமி என்று தெரியும். நாமாக ஒரு பட்டை மாத்திரை வாங்கிப் போட்டால் கிருமி பாதி மறைந்துகொள்ளும், பரிசோதனையில் சிக்காது, வால்வை மட்டும் அரித்துக்கொண்டிருக்கும். பல் பிடுங்கப் போனாலும் முதலில் வால்வைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அங்கே ஈறிலிருந்து கிருமி ரத்தத்துக்குள் போகாமலிருக்க முன்கூட்டியே மருந்து உண்டு. நல்லவேளை, சித்திக்குச் சளிக்காய்ச்சல்தான்.

சின்ன வயதில் வந்த வாதக்காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் நம் நாட்டில் ஏராளம், சித்தியும் அதில் ஒருவர். வால்வு மாற்றியதும், அந்தக் காய்ச்சல் திரும்ப வராமலிருக்கப் போடும் பெனிசிலின் முடிந்தது என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. மற்ற வால்வுகள் இன்னும் சொந்த வால்வுகளே. ஊசியா மாத்திரையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும், இந்த மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடியது.

எடை பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கினோம். காலையில் சாப்பிடும் முன் தினமும் ஏறி நிற்பார். ஒரே நாளில் ஒரு கிலோ கூடினால் அது சதை ஆகாது, உடம்பில் தங்கிய நீர். காலில் வீக்கம் தெரிவதற்கு முன்பே எடை சொல்லிவிடும். நடை, முதல் வாரம் வீட்டுக்குள் ஐந்து நிமிடம், பிறகு தெருமுனை வரை. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். காரணமில்லாமல் அழுகை வரும், சாப்பாடு மண்ணாக இருக்கும், படித்த வரி மறந்துபோகும். அறுவையின்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் இதய நுரையீரல் எந்திரத்தில் ரத்தத்தைச் சுற்றவிட்டு, உடம்பு முழுக்க அழற்சி ஏற்பட்ட பிறகு இவை பலருக்கு வந்து போகின்றன. வாரக்கணக்கில் விலகாவிட்டால் மருத்துவரிடம் சொல்லலாம், அதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, கை சோர்வது, மலம் கறுப்பாகப் போவது, படுத்தால் மூச்சு முட்டுவது ஆகியவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. சித்திக்கு வைத்தது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் மருத்துவர் எம். எஸ். வலியத்தானின் தலைமையில் உருவான சித்ரா வால்வு. உலோகக் கூண்டுக்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு வட்டு, அவ்வளவுதான். அந்த வட்டுக்குப் பொருத்தமான பொருளைத் தேடியே வருடங்கள் போயின. செயற்கை நீலக்கல்லைக்கூடச் சோதித்துக் கைவிட்டு, கடைசியில் மிகக் கெட்டியான ஒருவகைப் பாலிஎத்திலீனில் வந்து நின்றார்கள். 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை அது மூடித் திறக்கிறது.

முதல் மாதம் சித்தி தூங்கவே இல்லை. இரவில் ஊர் அடங்கியதும் தலையணைக்குள் அந்த 'டிக் டிக்' கேட்கும். "கடியாரத்த முழுங்கினாப்ல இருக்குடா" என்பார். பன்னிரண்டாம் வாரத்தில் ஒரு விடியற்காலை என்னை எழுப்பினார். முகம் வெளுத்திருந்தது. "சத்தமே கேக்கலடா. நின்னு போச்சா?"

பயந்துதான் போனேன். வால்வில் கட்டி சேர்ந்தால் கணீரென்ற சத்தம் மழுங்கும் என்று படித்திருந்தேன். காலையிலேயே கூட்டிப்போனோம். மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், எக்கோ என்ற இதய ஸ்கேனும் எடுத்தார். வட்டு ஒழுங்காகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. மின்விசிறியின் இரைச்சலைப் பழக்கத்தில் கேட்காமல் விடுவதைப் போல, மாறாமல் வந்துகொண்டே இருக்கும் அந்தச் சத்தத்தையும் மூளை ஒதுக்கிவிட்டிருக்கிறது. நம்பாமல் உட்கார்ந்திருந்த சித்தியின் காதில் மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிவிட்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் ஓடுது" என்று சித்தப்பாவிடம் சொன்னார்.