ஏலத்தோட்டத்துப் பச்சைப் பூஞ்சையும் அதன் தாய்க் குப்பியும்

கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேட்டுக்குப் போனால், ஆடி மழையில் ஏலக்காயைத் தாக்கும் நோய்க்குத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பெயர்: அழுகல். அதை உண்டாக்குவது பைட்டோப்தோரா என்னும் நோய்க்கிருமி. அதற்கு எதிராகத் தூரில் இடும் டிரைக்கோடெர்மா என்னும் பச்சைப் பூஞ்சை ஒரு வருஷம் கேட்கிறது, மறு வருஷம் கேட்பதில்லை. மழை, மண், பழைய சரக்கு எனப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனாலும் தாய் வளர்ப்பை, அதாவது சரக்கு தயாரிக்கப் பெருக்கும் மூலப் பூஞ்சையை, சோதிக்காமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

குழாயில் சாய்வாக உறையவைத்த அகார் என்னும் சத்துக் கூழில் அதை வளர்த்து, சில மாதங்களுக்கு ஒருமுறை புதுக் குழாய்க்கு மாற்றுவது எளிய வழி. வீட்டு உறைமோர் போல. அகாரில் உணவு தாராளம், எதிரி கிடையாது. அங்கே போராடும் குணத்துக்கு வேலையே இல்லை. வேகமாகப் படரும் மாறுபாடு முந்திக்கொள்கிறது. கரும்பச்சை வித்துகள் (ஸ்போர்கள்) குறைந்து வெள்ளைப் பஞ்சாக இழை படர்ந்தால் தாய் கெட்டுவிட்டது என்று பொருள்.

நுண்ணுயிர்க் காப்பகங்கள் இதற்காகவே வளர்ச்சியை நிறுத்திவைக்கின்றன. வித்துகளைக் கொழுப்பு நீக்கிய பாலின் பத்து சதவீதக் கரைசலில் கலக்கி, குப்பிக்கு 0.1 முதல் 0.2 மில்லி விட்டு உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்துவார்கள். பனி நீராகாமலே ஆவியாக வேண்டும். பம்பு இளைத்தால் பனி உருகி, பால் நுரைத்துச் சுருங்கும். அந்தக் குப்பி வீண். பிறகு வெற்றிடம் குலையாமல் கழுத்தைத் தீயில் உருக்கி மூடுவார்கள். உயர் அதிர்வெண் தீப்பொறிக் கருவியைக் காட்டினால் நல்ல குப்பி உள்ளே ஒளிரும். காற்றுப் புகுந்தது ஒளிராது.

எல்லா உயிரும் இப்படி உலர்ந்து பிழைக்காது. வித்து விடாத பூஞ்சை இழைகளில் பலவற்றை -196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள்.

நோய்க்கிருமியையும் காக்கத்தான் வேண்டும். பைட்டோப்தோரா கையில் இல்லாமல் டிரைக்கோடெர்மாவின் வீரியத்தை எதை வைத்து அளப்பது? அதுவும் தட்டிலேயே வளர்ந்தால் நோய் உண்டாக்கும் திறனை இழக்கும்; அவ்வப்போது செடியில் ஏற்றி மீட்டெடுக்க வேண்டும்.

இன்று பயனற்றதாகத் தெரிவதையும் ஒதுக்க முடியாது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கிடைத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் பாக்டீரியாவை தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் 1969இல் விவரித்து, அமெரிக்கக் காப்பகத்தில் ஒப்படைத்தார்கள். வெப்பம் தாங்கும் அதன் நொதிதான் 1980களில் டிஎன்ஏவைப் பல மடங்காக்கும் பிசிஆர் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் சண்டிகரின் எம்டிசிசி நுண்ணுயிர்க் காப்பகம் 1986 முதல் இந்த வேலையைச் செய்கிறது. நுண்ணுயிர் சார்ந்த காப்புரிமைகளுக்கான வைப்பகங்களில் அதுவும் ஒன்று.

குப்பி கைக்கு வந்ததும் அரத்தால் கீறி, ஆல்கஹாலில் துடைத்து, மெதுவாக உடையுங்கள். அவசரப்பட்டால் காற்றுப் பாய்ந்து தூள் பறக்கும். 0.5 மில்லி கிருமி நீக்கிய நீரில் ஊறவைத்து, முழுவதையும் வளர்த்து, முதல் தலைமுறையிலேயே இருபது சதவீதக் கிளிசராலில் சிறு குழாய்களாகப் பிரித்து -80 டிகிரியில் வையுங்கள். ஒரு உற்பத்திக்கு ஒரு குழாய். உருகியதை மறுபடி உறையவைக்க வேண்டாம்.