உயிர்வேலிக்கு ஏன் அடியில் ஓட்டை விழுகிறது?

மதுரையை அடுத்த ஊமச்சிகுளம், நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் புதிதாக வீடு கட்டிக் குடிவந்தவர்களின் வேலிகளில் பாதிக்கு மேல் ஒரே குறைதான். ஆள் உயரத்துக்குச் செம்பருத்தியோ மருதாணியோ பச்சைப்பசேல் என்று நிற்கும். முழங்காலுக்குக் கீழே வெறும் குச்சி. ஆடு தலையை நீட்டும், நாய் குனியாமலே உள்ளே வரும், கோழியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உரம் போதவில்லை போல என்று வீட்டுக்காரர் ஒரு மூட்டை எருவைக் கொட்டுவார். மேலே இன்னும் இரண்டு அடி வளரும், கீழே அதே குச்சி. அந்த வேலிக்கு முதல் வருஷம் விழவேண்டிய வெட்டு விழவில்லை. அதை எந்த எருவும் ஈடுகட்டாது.

ஒவ்வோர் இலையும் தண்டில் சேருகிற இடுக்கில் ஒரு மொட்டு தூங்கிக்கொண்டிருக்கிறது. ஓரடி உயரக் குச்சியிலேயே பத்துப் பன்னிரண்டு இருக்கும். அத்தனையும் கிளைத்தால் ஒற்றைச் செடியே புதராகிவிடும். கிளைக்கவிடாமல் வைத்திருப்பது உச்சிக் குருத்து. அது ஆக்சின் என்ற ஹார்மோனைச் சுரந்து தண்டு வழியாகக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த ஓட்டம் நிற்காதவரை பக்கவாட்டு மொட்டுகள் அடங்கியே கிடக்கும். பள்ளிப் பாடத்தில் 'நுனி ஆதிக்கம்' என்று படித்தது இதுதான். 1930களில் கென்னத் திமான், ஃபோல்க் ஸ்கூக் என்ற இருவர் ஒருவகை அவரைச் செடியின் நுனியைக் கிள்ளிவிட்டு, வெட்டுவாயில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். நுனியே இல்லாதபோதும் மொட்டுகள் விழிக்கவில்லை.

கதையின் மறுபாதி 2014-ல் பட்டாணிச் செடியில் செய்த ஆய்வில் தெரிந்தது. இலை தயாரிக்கிற சர்க்கரையில் பெரும்பங்கை உச்சிக் குருத்தே இழுத்துக்கொள்கிறது. பந்தியில் முதல் வரிசைக்கே பாயசம் தீர்ந்துபோகிற மாதிரி, கீழ் மொட்டுகளுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. நுனியை வெட்டியதும் அந்தச் சர்க்கரை மொட்டுகளுக்குத் திரும்புகிறது. ஆக்சின் அளவு குறைவதற்கு முன்பே அவை அசையத் தொடங்கிவிடுகின்றன.

வேலி போடுகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வெட்டினால் எல்லா மொட்டும் விழிப்பதில்லை. வெட்டுவாய்க்கு நேர் கீழே உள்ள இரண்டு மூன்றுதான் விழிக்கும். அவை புதிய உச்சிகளாகித் தங்களுக்குக் கீழே உள்ளவற்றை மறுபடி அடக்கிவிடும். நாலடி உயரத்தில் வெட்டினால் நாலடியில்தான் புதர் கிடைக்கும். அடியில் அடர்த்தி வேண்டுமானால் அடியிலேயே வெட்ட வேண்டும். இதைச் சொன்னால் பலருக்கு மனசு வருவதில்லை. நர்சரியில் காசு கொடுத்து வாங்கிய இரண்டடிச் செடியை அரையடிக்கு வெட்டுவதா என்பார்கள். ஆமாம், அரையடிக்குத்தான், மிஞ்சினால் 8 அங்குலம். நட்டு மூன்று நாலு வாரத்தில் புதுத்தளிர் காட்டும். வேர் பிடித்ததற்கு அதுதான் அடையாளம். அன்றைக்கே வெட்டலாம்.

அதன் பிறகு வருகிற கிளைகள் ஓரடி நீண்டதும் பாதியை வெட்டி அரையடி மட்டும் விட வேண்டும். மறுபடி ஓரடி நீண்டால் மறுபடி பாதி. ஒரு குச்சி மூன்றாகி, மூன்று ஒன்பதாகி, ஒன்பது இருபத்தேழாகும் என்பது காகிதக் கணக்கு. நிழலில் சில காய்ந்துபோகும். பாதி நின்றாலே அடிப்பகுதி அடர்ந்துவிடும். இந்த முறையில் முதல் வருஷ முடிவில் வேலி இரண்டடிதான் நிற்கும். இரண்டாம் வருஷம் மூன்றரை, நாலு. ஐந்தடியைத் தொட மூன்றாம் வருஷம் ஆகும். அதுவரை ஆட்டை நிறுத்த, காய் இல்லாத சீமைக்கருவேல முள்ளை வெட்டி வெளிப்பக்கம் அடைத்துக்கொள்ளலாம். காயோடு அடைத்தால் அந்த விதையும் உங்கள் வேலியில் சேர்ந்து முளைக்கும், பிறகு பிடுங்கி மாளாது.

அடி மொட்டையாவதற்கு வெளிச்சமும் ஒரு காரணம். இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, அதற்கு அடுத்த தூரச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிடும். ஆகவே நெருங்கி நிற்கும் செடிகளுக்கு இடையே தூரச்சிவப்பின் பங்கு கூடிவிடுகிறது. செடியில் உள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இந்த விகிதத்தை அளந்து, பக்கத்தில் போட்டிக்கு ஆள் இருப்பதைத் தெரிந்துகொள்கிறது. உடனே கிளைப்பதைக் குறைத்து உயரத்துக்கு ஓடும். வெளிச்சம் படாத கீழ்க்கிளையைக் கைவிடும். சீக்கிரம் அடையட்டும் என்று அரையடிக்கு ஒரு மருதாணி நட்டவர்களின் வேலி நெடுநெடுவென்று போவது இதனால்தான்.

வேலியின் குறுக்குவடிவம் மேலே குறுகிக் கீழே அகலமாக இருக்க வேண்டியதும் இதே வெளிச்சத்துக்காகத்தான். ஐந்தடி வேலிக்கு அடியில் மூன்றடி அகலமும் தலையில் இரண்டடியும் வைத்தால், ஒவ்வொரு பக்கமும் அரையடி உள்வாங்கிச் சரியும். மேல் இலை கீழ் இலையை மறைக்காது. இரு முனையிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டி வெட்டுங்கள். கண்மட்டத்துக்கு வெட்டினால் கை எட்டுகிற தலைப்பக்கம் எப்போதும் தடித்துக்கொண்டே போகும்.

எந்தச் செடி என்பதை மண்ணும் தண்ணீரும் முடிவு செய்யட்டும். மதுரைக்கு வருஷ மழை சுமார் 850 மில்லிமீட்டர். ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். மிச்ச மாதங்களைத் தாங்குகிற செடிதான் இங்கே வேலிக்கு ஆகும். மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கத்துச் செம்மண்ணுக்கும், திருமங்கலம், கள்ளிக்குடிக் கரிசலுக்கும் மருதாணி ஒத்துவரும். வெட்ட வெட்டத் தழைக்கும், வயதானால் முள்ளும் வைக்கும். ஆடு வருகிற தெருவானால் ஆடாதோடை. பெயரிலேயே விஷயம் இருக்கிறது, ஆடு தொடாது. அரைநிழலிலும் வரும். இலை நீளமானதால் பெரிய வேலிக்கத்தரியால் வெட்டினால் இலைகள் பாதியாக அறுபட்டு விளிம்பு கருகித் தெரியும். கைக்கத்தரியால் கிளை கிளையாக வெட்ட வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் சங்கங்குப்பியை விட்டு வேறெதையும் தேட வேண்டாம். அது கடலோரச் செடி, உப்பு அதற்குப் பழக்கம். மற்றச் செடிகளில் வேர் இழுக்கும் உப்பு நீரோட்டத்தோடு இலை விளிம்புக்குப் போய்ச் சேருகிறது. நீர் ஆவியாகிவிட, உப்பு தங்கி, விளிம்பிலிருந்து உள்நோக்கிக் காய்ந்து வரும். அதைத் தண்ணீர் போதாமை என்று நினைத்து இன்னும் உப்புத் தண்ணீரையே ஊற்றுவார்கள்.

இட்லிப்பூ வேலி பார்க்க அழகு. ஆனால் சுக்கான் கல் கலந்த கரிசலில் அதை நடுவது வீண்செலவு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் கரையாமல் கிடக்கும். தளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் போட்டால் அதுவும் பூட்டிக்கொள்ளும். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, ஓர் எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். ஆனால் அடுத்த தளிருக்கு மறுபடி தெளிக்க வேண்டும்.

செம்பருத்தியை வேலியாக வைப்பவர் பூவா வேலியா என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது. அது புதுக்கிளையில் பூப்பது. அடிக்கடி மட்டம் வெட்டினால் அரும்பு எல்லாம் கத்தரியோடு போய்விடும். மாவுப்பூச்சிக்கும் அதுதான் பிடித்த வீடு. 2008-ல் தமிழ்நாட்டில் பரவிய பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியையும் பிடித்தது. 2010-ல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விட்ட அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற சிறு குளவி அதை அடக்கியது. இன்றும் மாவு தெரிந்தால் மருந்தைத் தேடும் முன் எறும்பைப் பாருங்கள். பூச்சி வெளியேற்றும் தேன்கழிவுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், குளவியை அண்டவிடாது. எறும்பு வழியை அடைத்து, மாவு பிடித்த நுனிகளை வெட்டி எரித்து, மிச்சத்தைக் குழாய்த் தண்ணீரால் பீய்ச்சினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அரளி வறட்சி தாங்கும். ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. குழந்தையோ மாடோ உள்ள வீட்டுக்கு வேண்டாம். திருகுக்கள்ளிப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கொடுக்காப்புளி முள்ளும் அடர்த்தியும் உள்ள நல்ல வேலிதான். ஒரு வருஷம் வெட்டாமல் விட்டால் மரமாகி நிற்கும்.

இந்தப் பக்கத்துத் தோட்டங்களின் பழைய வேலி கிளுவைதான். வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசினைத் தருகிற மரத்துக்கு உறவு. முள்ளாக முடியும் கிளைகள், நர்சரிச் செலவு இல்லை, போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நட்டாலே பிடிக்கும். மழைக்கு முன் இலை உதிர்ந்து நிற்கும்போது, கட்டைவிரல் பருமனுக்குக் குறையாமல் மூன்று, நாலடி நீளத்துக்குப் போத்துகளை வெட்டுங்கள். இலை இருந்தால் வேர் வருமுன்னே நீரை இழந்து சுருங்கும். வெட்டியதை நிழலில் சில நாள் போட்டு வெட்டுவாய் உலர்ந்த பின் நட வேண்டும். ஈர வெட்டுவாயோடு நனைந்த மண்ணில் நட்டால் அழுகும். ஆழம் ஓரடி, இடைவெளியும் ஓரடி.

தலைகீழாக நட்டுவிடாதீர்கள். ஆக்சின் தண்டில் நுனியிலிருந்து அடிக்கே போகும், திருப்பி வைத்தாலும் அதன் திசை மாறாது. அடிவெட்டில் அது தேங்குவதால்தான் அங்கே வேர் கிளம்புகிறது. போத்து வெட்டும்போதே அடியைச் சாய்வாகவும் நுனியை மட்டமாகவும் வெட்டிவிட்டால், கட்டிலிருந்து எடுக்கும்போது குழப்பம் வராது. ஓரடிக்கு ஒன்றாக நட்டதில் ஒன்றிரண்டை 45 பாகை சாய்த்து அடுத்ததோடு பின்னிக் கட்டுவதும் பழக்கம். சாய்ந்த கிளையில் நுனி ஆதிக்கம் தளர்ந்து, மேல்பக்க மொட்டுகள் வரிசையாக நிமிரும்.

மற்றச் செடிகளுக்கு ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் போல் நீளக் காலாக வெட்டுவது தனித்தனிக் குழியைவிட மேல். வேர் பக்கவாட்டில் ஓட இடம் கிடைக்கும். பத்தடி நீளத்துக்கு இரண்டு கூடை மக்கிய எரு. செம்மண்ணில் கரையான் தொல்லை உண்டென்பதால் அதோடு ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கும் சேருங்கள். மதிலை ஒட்டி நடக்கூடாது, இரண்டடி உள்ளே தள்ளி நட வேண்டும். மூன்றடி அகல வேலிக்கு நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை அடி வேண்டும், மிச்ச அரையடி கத்தரி பிடிக்கிற கைக்கு. நாய், ஆடு நடமாட்டம் இருந்தால் இரட்டை வரிசை: வரிசைக்கு வரிசை ஓரடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி, ஒரு வரிசையின் இடைவெளிக்கு எதிரே மற்ற வரிசையின் செடி. 40 அடிக்கு 54 செடி பிடிக்கும். பழுதுக்கு ஆறு சேர்த்து 60 வாங்குங்கள். ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ நட்டால் ஐப்பசி மழை வேர் பிடிக்க உதவும். மழை தொடங்கும்வரை செம்மண்ணில் ஒருநாள் விட்டு ஒருநாள் செடிக்கு இரண்டு லிட்டர். கரிசல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அங்கே நாலு நாளைக்கு ஒருமுறை போதும்.

வேலியே பயிரை மேய்வது பழமொழியில் மட்டுமில்லை, மண்ணுக்கடியில் நிஜமாகவே நடக்கிறது. வேலியின் வேர்கள் எரு உள்ள இடத்தைத் தேடி வரும், கத்தரிக்காய்ப் பாத்தி ஈரமானால் அங்கே கூட்டம் போடும். பாத்திக்கும் வேலிக்கும் மூன்றடி விடுங்கள். இரண்டடி தள்ளி வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன், ஒன்றரை அடி ஆழத்துக்குக் கால் வெட்டி வேரை அறுத்து மண்ணை மூடிவிடலாம். வேலிக்கு அதனால் கேடில்லை.

வேலி நன்றாக அடைந்த பிறகும் கொஞ்சம் காற்று புகவேண்டும். ஆடிக்காற்று மேற்கிலிருந்து மோதும்போது, மதில் காற்றை மேலே தூக்கி மறுபக்கம் சுழலாகப் போடும். வாழை இலை கிழிவது அந்தச் சுழலில்தான். பாதிக்குப் பாதி துளையுள்ள வேலி காற்றை வடிகட்டி வேகத்தை மட்டும் குறைக்கும். அதன் தணிப்பு வேலி உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம்வரை தெரியும், அதாவது ஐந்தடி வேலிக்கு 50 அடி.

வளர்ந்த வேலிக்கு வருஷத்துக்கு மூன்று வெட்டு: ஆடி முடிவில் ஒன்று, மழை முடிந்து தையில் ஒன்று, மாசி முதல் வாரத்துக்குள் இலேசாக ஒன்று. அதற்குப் பிறகு கத்திரி வெயில் போகும்வரை கத்தரியைத் தொட வேண்டாம். உள்ளே நிழலில் வளர்ந்த இலைகள் மெல்லியவை. மேல்பரப்பைச் சீவியதும் நேர் வெயில் அவற்றைப் பொசுக்கிவிடும். வெட்டும்போது ஓணான் ஓடினால் விட்டுவிடலாம், குருவிக் கூடு இருந்தால் அந்த இரண்டு அடியை மட்டும் விட்டு வெட்டுங்கள்.

ஏற்கெனவே அடி மொட்டையான வேலியையும் மீட்கலாம். மருதாணி, ஆடாதோடை, நொச்சி, சங்கங்குப்பி, செம்பருத்தி எல்லாம் பழைய கட்டையிலும் பட்டைக்கடியில் உறங்கும் மொட்டு வைத்திருப்பவை. புரட்டாசித் தொடக்கத்தில் ஓரடிக்கு வெட்டிவிட்டால் மழையில் அடியிலிருந்து வெடிக்கும். முழுவதையும் ஒரே வருஷம் வெட்டத் தயக்கமென்றால் பாதி நீளத்தை இந்த வருஷமும் மீதியை அடுத்த வருஷமும் வெட்டலாம். சவுக்கு வேலியில் இதைச் செய்யாதீர்கள், முற்றிய கட்டை சரியாகத் துளிர்க்காது.

செடி செத்து விழுந்த இடைவெளியில் புதுச்செடி நட்டால் பெரும்பாலும் வராது. இருபுறத்துப் பழைய வேர்களும் அந்த இடத்து ஈரத்தைப் பங்கு போட்டிருக்கும், மேலே நிழல் வேறு. பக்கத்துச் செடியின் தாழ்ந்த கிளையை வளைத்துப் பதியம் போடுவதே வழி. மண்ணில் படும் இடத்தில் பட்டையை ஓரங்குலம் இலேசாகச் சீவி, நாலங்குல ஆழத்தில் அமுக்கி, மேலே கல் வைத்து, நுனியை நிமிர்த்திக் குச்சியில் கட்டவும். வேர் வரும்வரை தாய்ச்செடியே அதற்கு நீர் கொடுக்கும். மூன்று மாதம் கழித்துத் தாய்ப்பக்கக் கிளையைப் பாதி அளவு அறுத்து, இலை வாடாமல் இரண்டு வாரம் நின்றால் மீதியையும் அறுத்துப் பிரிக்கலாம். பிரித்த ஒரு மாதத்தில் அதையும் அரையடிக்கு வெட்டுங்கள்.